பெட்டிக்கு வந்த மயக்கம்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். என் மாமியார், என் கணவர், ஏழாவது படிக்கும் பையன், நான், ஐந்தாவதாகக் கம்ப்யூட்டர். சென்ற கோடையில் கத்திரி வெயில் கொளுத்தியபோதுகூட முதல் நான்கு பேரும் எப்படியோ தாக்குப் பிடித்தோம். ஐந்தாவதுக்குத்தான் மயக்க நோய் கண்டது.

மயக்கம் என்றால் சாதாரண மயக்கமா? நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷர் நடு வாக்கியத்தில் கண்ணை மூடிக் கீழே சாய்ந்து, மறு நிமிஷமே எழுந்து உட்கார்ந்து, "நமஸ்காரம், தாங்கள் யார்?" என்று நம்மையே விசாரித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். திரை இருண்டு போகும். உள்ளே விசிறி ஒரு பெருமூச்சு விடும். பிறகு தானாகவே உயிர் பெற்று, ஒன்றுமே நடக்காததுபோல் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அதுவரை அடித்ததெல்லாம் ஆகாயத்தில்.

இந்தக் கம்ப்யூட்டர் மடியில் வைத்துக்கொள்ளும் ஜாதி அல்ல. மேஜைமேல் திரை; மேஜைக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி; அதன் பக்கத்தில், மின்சாரம் போனால் பத்து நிமிஷமாவது காப்பாற்ற வேண்டும் என்பதற்காக வாங்கிய யு.பி.எஸ். இந்த யு.பி.எஸ். நாலு வருஷமாக நெற்றியில் பச்சை விளக்கை ஏற்றிக்கொண்டு யோகியைப்போல் உட்கார்ந்திருந்தது. அதன் தலைமேல் பையனுடைய கிரிக்கெட் பந்தும் என் கணவரின் மூக்குக் கண்ணாடிக் கூடும் வாசம் செய்தன. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை நினைத்ததில்லை. எப்போதாவது மின்சாரம் போனபோது கம்ப்யூட்டரும் கூடவே அணைந்ததுண்டு. மின்சாரம் போனால் எல்லாம் அணைவது நியாயந்தானே என்று விட்டுவிட்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

பகலில் பையனுக்கு அதில் விளையாட்டு. இரவில் எனக்குப் பத்திரிகை வேலை. ஆனால் அந்தப் பெட்டிக்கு உண்மையான சொந்தக்காரர் யார் என்றால், என் மாமியார்தான்.

அத்தைக்கு 73 வயது. என் மாமனார் தபால் இலாகாவில் வேலை பார்த்து, ஊர் ஊராக மாற்றலாகி, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். 1968-இலிருந்து 1996 வரை தினம் நாலு வரி டயரி எழுதியிருக்கிறார். அவர் போன பிறகு பரணிலிருந்து அந்த நோட்டுகளை இறக்கிப் பார்த்தால், இராமபாணப் பூச்சி பாதி வருஷங்களை ருசி பார்த்துவிட்டது. "எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துவிடலாம் அம்மா" என்றார் என் கணவர். அத்தை ஒப்பவில்லை. "அவர் கையெழுத்து எனக்கே பாதிதான் புரிகிறது. நாளைக்கு என் பேரன் அதை எங்கே படிக்கப் போகிறான்? அச்செழுத்தில் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பேரனையே குருவாக வைத்துக்கொண்டு, தமிழ்நாடு அரசு 1999-இல் அங்கீகரித்த 'தமிழ் 99' விசைப்பலகையைப் பழகினார். உயிரெழுத்தெல்லாம் இடது கையில், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கையில் என்று அந்த முறை அமைந்திருக்கிறது. இரண்டே மாதத்தில் அத்தைக்குக் கை ஓடிவிட்டது. காலை 5 மணிக்கு எழுந்து, கோலம் போட்டு, காப்பி குடித்து, ஐந்தரைக்கெல்லாம் மேஜைமுன் உட்கார்ந்துவிடுவார். ஏழு மணி வரைக்கும் டக், டக் என்று சப்தம் கேட்டுக்கொண்டிருக்கும். எங்களுக்கு அதுதான் சுப்ரபாதம்.

முதல் மயக்கம் வந்தது அந்த வேளையில்தான்.

"அம்மா, என்ன பண்ணினாய்?" என்று குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார் என் கணவர்.

இந்தக் கேள்வியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டிலும் ஒரு யந்திரம் நின்றால் முதலில் பிறக்கும் கேள்வி இதுதான். அது ஏன் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. நீ என்ன பண்ணினாய் என்றுதான் கேட்கிறோம்.

அத்தை ஒன்றும் பண்ணவில்லை. 'க' என்ற எழுத்தை அழுத்தினார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தினம் ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை. வீட்டு வைத்தியங்கள் ஆரம்பமாயின. என் கணவர் பெட்டியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பையன் ஏதேதோ 'அப்டேட்' எல்லாம் போட்டான். நான் வைரஸ் பிடிக்கும் மென்பொருளை இரவெல்லாம் ஓடவிட்டேன். இவை மூன்றையும் ஒரே நாளில் செய்தோம். ஆகவே மறுநாள் மயக்கம் வராமல் இருந்தபோது எது பலித்தது என்று தெரியவில்லை. அதற்கு மறுநாள் திரும்ப வந்தபோது எது தோற்றது என்றும் தெரியவில்லை.

கடைசியில் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கறுப்புப் பெட்டியை மட்டும் ஆட்டோவில் ஏற்றி, பக்கத்துத் தெருவிலுள்ள ரிப்பேர்க் கடையில் சேர்த்தோம். இரண்டு நாள் அங்கே இருந்தது. அந்த இரண்டு நாளும் ஒரு தடவைகூட மயங்கவில்லையாம்! பல் வைத்தியர் வாசலில் கால் வைத்ததும் பல்வலி பறந்துவிடுவதில்லையா? ஆனாலும் கடைக்காரர் சும்மா இருக்க மனமில்லாமல், 'ராம்' என்னும் நினைவகத் தகட்டைப் புதிதாக மாற்றி, 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். கூடவே ஓர் அபிப்பிராயத்தையும் இனாமாகக் கொடுத்தார்.

"மெஷினில் தப்பு இல்லை, மேடம். இங்கே ஜோராக ஓடியது. வீட்டில் யாரோ கன்னாபின்னா என்று எதையோ அழுத்துகிறார்கள்."

மறுநாள் காலை, புதுத் தகட்டுடனேயே, பெட்டி மயங்கி விழுந்தது. அத்தை அடித்துக்கொண்டிருக்கும்போது.

அன்றைக்கு எனக்குப் பத்திரிகை ஆபீஸில் கட்டுரை கொடுக்கவேண்டிய கெடு. இரவு எழுதியது அந்தப் பெட்டிக்குள் இருந்தது. காரணம் இதுதான் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சொன்னது சொன்னதுதான். "தெரியாததைத் தொடாமல் இருந்தால் தேவலை, அத்தை. நேற்றுத்தான் மூவாயிரம் ரூபாய் அழுதோம்" என்றேன். பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அத்தை பதில் பேசவில்லை. எழுந்து போய் அரிசி களையத் தொடங்கினார்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு டக், டக் சப்தம் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "கண் கொஞ்சம் வலிக்கிறதம்மா" என்றார். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் நம்பரை எங்களுக்கு முன்பே படிக்கிறவர் அவர். கண்வலியாவது!

அத்தை தொடாவிட்டாலும், பெட்டி தன் வழக்கத்தை விடவில்லை. ஒருநாள் மத்தியானம் பையன் விளையாடிக்கொண்டிருந்தபோது இரண்டு தடவை விழுந்தது. இன்னொரு நாள் காலையில், நான் உட்கார்ந்திருந்தபோது. என் கணவர் குளியலறையில்தான் இருந்தார், ஆனால் "என்ன பண்ணினாய்?" என்று என்னை ஏனோ கேட்கவில்லை.

அன்று இரவு நானே துப்பறியப் புறப்பட்டேன். பத்திரிகைக்காரிக்கு யாரையும் எதையும் விசாரிக்கத் தெரிய வேண்டாமா?

முதலில் தெரிந்துகொண்ட சங்கதி இது. விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் ஏதாவது விபரீதம் நடந்தால், அது ஒரு திரையைக் காட்டி இன்ன கோளாறு என்று ஒரு குறி எழுதும். வெகுகாலம் அந்தத் திரை நீலமாயிருந்தது. 2025-இல் புதிய பதிப்புகளில் கறுப்பாக மாற்றினார்கள். துக்கம் விசாரிக்க அதுதான் பொருத்தம் என்று நினைத்தார்களோ என்னவோ. ஆனால் நாம் அதைப் படிப்பதற்குள் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பாதே என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கிறது. 'சிஸ்டம்' அமைப்புகளில் 'அட்வான்ஸ்டு' என்ற பிரிவில், 'ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி' என்பதற்குள் போனால், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்று எழுதி ஒரு 'டிக்' போட்டிருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட வேண்டியதுதான். அதற்குப் பிறகு நோயாளி விழுந்தால் வாக்குமூலம் கொடுத்துவிட்டு அப்படியே கிடக்கும்.

எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். விழுந்தது. வாக்குமூலம் ஒன்றும் கொடுக்கவில்லை! நேரே இருட்டு, நேரே மறுபிறவி.

'ஈவென்ட் வியூவர்' என்று கம்ப்யூட்டர் தன் தினப்படி நிகழ்ச்சிகளைக் குறித்து வைக்கும் ஏடு ஒன்று உண்டு. அதைத் திறந்தேன். விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் சிவப்பாக ஒரே குறிப்பு: 'கெர்னல் பவர் 41'. பெயர் ஏதோ சதிகாரன் பெயர்போல் இருக்கிறது. அர்த்தம் என்னவோ பரம சாதுவானது. "நான் முறைப்படி அணைக்கப்படாமல் மறுபடி எழுந்திருக்கிறேன்" என்பதுதான் அது. அதாவது, மயங்கி எழுந்தவரிடம் ஏன் மயங்கினீர்கள் என்று கேட்டால், "மயங்கினேன் போலிருக்கிறதே" என்று பதில் சொல்வது மாதிரி.

ஆனால் அந்த மௌனமே ஒரு துப்பு. குறி எழுதக்கூட நேரமில்லாமல் போகிறது என்றால், பெரும்பாலும் வயிற்றுக்கு வரும் மின்சாரம் அறுந்திருக்க வேண்டும். அல்லது உள்ளே சூடு எல்லை மீறியிருக்க வேண்டும். மூளையாகிய பிராசஸர் சுமார் 100 டிகிரியை எட்டினால், கருகிப் போகாமல் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தானே நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். அம்மம்மா! ஏழு வருஷத்துத் தூசி. பிராசஸர் தலைமேல் அலுமினியத் தகடுகள் அடுக்கிவைத்து, அவற்றின்மேல் ஒரு சின்ன விசிறி இருக்கிறது. விசிறி சுற்றத்தான் செய்தது. தகடுகளுக்கிடையே இலவம் பஞ்சு மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டிருந்ததால் காற்று போகத்தான் வழியில்லை. பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி, வாக்குவம் கிளீனரால் இழுத்தோம். (விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பம்பரமாய்ச் சுழன்று தன் அச்சையே கெடுத்துக்கொள்ளும்.) பிராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசை ஒன்று பூசியிருப்பார்கள். அது காய்ந்து அப்பளமாயிருந்தது. சுரண்டிவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பசை வைத்தார் என் கணவர். மதர்போர்டு என்னும் பலகையில் சின்னச் சின்ன டப்பாக்கள் போன்ற கெப்பாஸிடர்கள் நிற்கின்றன; அவற்றில் எதுவும் மண்டை வீங்கியிருக்கிறதா என்றும் பார்த்தோம். 2000-க்குப் பிறகு சில வருஷங்கள் வந்த பலகைகளில் அந்த வீக்கம் உலகம் முழுவதும் ஒரு கொள்ளை நோயாகவே பரவியிருந்ததாம். நம்முடையதில் இல்லை.

அன்று மத்தியானம் பையனை வேண்டுமென்றே மூன்று மணி நேரம் விளையாடச் சொன்னேன். என் வாயால் அப்படிச் சொல்லிக் கேட்டது அவனுக்கு ஜன்மத்தில் அதுதான் முதல் தடவை. வெளியே அக்கினி வெயில். பெட்டி கம்மென்று ஓடியது. "பிடித்தேன் பார்த்தீர்களா!" என்று வீடெல்லாம் தம்பட்டம் அடித்தேன். ரவா கேசரிகூடக் கிளறினேன்.

திங்கட்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, நான் கட்டுரையின் மூன்றாவது பத்தியில் இருக்கும்போது, திரை இருண்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவோரத்தில் அத்தை காப்பி டம்ளருடன் நின்றுகொண்டிருந்தார். டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய், பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் பால் பாக்கெட், பேப்பர், துணி தேய்ப்பவர் எல்லாருடைய கணக்கும் அந்த நாற்பது பக்க நோட்டில்தான். அதைப் பின்பக்கத்திலிருந்து திருப்பி என்னிடம் நீட்டினார்.

"சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாயே? முதல் நாளிலிருந்து குறித்து வைத்திருக்கிறேன். நான் என்னதான் பண்ணுகிறேன் என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது."

தேதி, மணி, யார் உட்கார்ந்திருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள்: நாலு பத்தி கோடு போட்டு எழுதியிருந்தது. போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் அல்லவா! 'காலை 6.10, நான், டயரி.' 'காலை 6.05, நான், டயரி.' 'மத்தியானம் 2.40, குழந்தை, கார் ஓட்டம்.' 'மாலை 5.35, யாருமில்லை, சும்மா இருந்தது.' 'மத்தியானம் 3.15, குழந்தை.' 'காலை 6.12, நான்.' அவர் தொடுவதை நிறுத்திய பிறகும் குறிப்புகள் நிற்கவில்லை.

அந்த 'யாருமில்லை, சும்மா இருந்தது' என்ற வரியைப் பார்த்ததும் எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. யாருமில்லாதபோதும் விழுந்திருக்கிறது!

1947-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் மார்க் 2 என்ற ராட்சசக் கம்ப்யூட்டர் தகராறு செய்தது. செப்டம்பர் 9-ஆம் தேதி அதன் 'ரிலே' ஒன்றில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டர்க் கோளாறுக்குப் பூச்சி என்று பெயர் வந்த கதையாக இதைப் பலர் சொல்வார்கள். உண்மையில், யந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. எனக்குப் பிடித்த அம்சம் வேறு. அந்தப் பூச்சியை அவர்கள் எறிந்துவிடவில்லை. மணி 15.45 என்று குறித்து, தினப்படி நோட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்த நோட்டை இன்றும் வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று மியூசியம் பாதுகாக்கிறது. அத்தையின் பால் கணக்கு நோட்டும் அதற்கு எந்த விதத்திலும் சளைத்ததல்ல என்பது என் கட்சி.

நோட்டைப் பார்த்தால் சங்கதி பளிச்சென்று தெரிந்தது. மத்தியான மயக்கங்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிட்டன. அது சூட்டு நோய். தூசி போனதும் போய்விட்டது. காலை ஆறு மணியை ஒட்டியும், மாலை ஐந்தரையை ஒட்டியும் வருவது வேறு நோய். இரண்டு நோய் ஒரே உடம்பில் குடியிருந்து, ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"காலையில் ஆறு மணிக்கு என்ன நடக்கிறது?" என்று யோசித்தேன்.

"மோட்டார் போடுகிறான்" என்றார் அத்தை. "குழாயில் காற்று இரையும். சமையலறை விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டும். தினம் பார்க்கிறேனே."

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை வாட்ச்மேன் காலையிலும் மாலையிலும் போடுவார். உடனே அத்தையை ஜன்னலருகே நிறுத்தினேன். திறந்திருந்ததையெல்லாம் மூடிவிட்டு, பெட்டியைச் சும்மா ஓடவிட்டேன். அத்தை கீழே பார்த்து, "ஏம்ப்பா, மோட்டாரைக் கொஞ்சம் போடு!" என்றார். குழாய் இரைந்தது, விளக்கு சிமிட்டியது, பெட்டி விழுந்தது. "நிறுத்திவிட்டு மறுபடி போடு!" மறுபடி விழுந்தது. வாட்ச்மேன் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதை எழுத வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவில் பச்சை விளக்குப் போட்ட அந்த யோகீசுவரர் என்ன செய்துகொண்டிருந்தார்? மின்சாரம் சிணுங்கினால் தாங்கிக்கொள்வதுதானே அவருடைய உத்தியோகம்? பெட்டியின் ஒயரை யு.பி.எஸ்.ஸிலிருந்து பிடுங்கி நேரே சுவரில் செருகினேன். வேறு எதையும் மாற்றவில்லை. மோட்டார் போடச் சொன்னேன். விளக்கு சிமிட்டியது. பெட்டி விழவில்லை! மூன்று தடவை பார்த்தோம். மூன்று தடவையும் அசையவில்லை.

காக்க வந்தவரே காலை வாரியிருக்கிறார்.

நடந்தது இதுதான். மோட்டார் ஓடும்போது வாங்கும் மின்சாரத்தைப்போல் ஐந்தாறு மடங்கைக் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் வாங்குகிறது. அதே கம்பியில் தொங்கும் வீடுகளுக்கு அந்தக் கணம் வோல்டேஜ் சரிகிறது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் வெகுவாகக் குறைந்ததும், யு.பி.எஸ். "ஆபத்து!" என்று சுவர் மின்சாரத்தை உதறிவிட்டுத் தன் பாட்டரிக்குத் தாவுகிறது. தாவிய இடத்தில் பாட்டரி இல்லை. அதாவது இருக்கிறது, ஆனால் பிராணன் இல்லை. சுவரை மட்டும் நம்பியிருந்தால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளையே அந்தக் கண நேரச் சரிவைச் சமாளித்திருக்கும். கடையில் மயக்கம் வராத மர்மமும் இப்போது விளங்கிவிட்டது. நாங்கள் கறுப்புப் பெட்டியை மட்டுந்தானே ஆட்டோவில் ஏற்றினோம்? யு.பி.எஸ். வீட்டிலேயே பச்சை விளக்கோடு படுத்திருந்தது.

யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் ஈய-அமில பாட்டரி. எங்கள் சென்னை உஷ்ணத்தில் மூன்று வருஷம் உழைத்தாலே பெரிய காரியம். பச்சை விளக்கு சுவரில் மின்சாரம் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். பாட்டரியின் யோக்கியதையைச் சொல்லாது. அதைச் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, ஒரு மேஜை விளக்கை யு.பி.எஸ்.ஸில் செருகி ஏற்றி, சுவர் ஸ்விட்சை அணையுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சரி. எங்கள் விளக்கு ஸ்விட்சோடு கூடவே அணைந்தது.

அன்று சாயங்காலமே மவுண்ட் ரோடுப் பக்கத்து ரிச்சி தெருவுக்குப் போனேன். கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் வேண்டிய எந்தச் சாமானும் அங்கே கிடைக்கும். கால் வைக்கத்தான் இடம் கிடைக்காது. பழைய பாட்டரி இரண்டு பக்கமும் கன்னம் உப்பிப்போய் வெளியே வர மறுத்தது. அதில் ஈயம் இருப்பதால் குப்பையில் போடக் கூடாது. கடையிலேயே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். புதுப் பாட்டரி ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். எலெக்ட்ரீஷியனையும் அழைத்து மோட்டார்க் கம்பியைப் பார்க்கச் சொன்னோம். மீட்டர்ப் பலகையில் ஓர் இணைப்புத் தளர்ந்து கறுத்துப் போயிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் புகைந்திருக்கும், அம்மா" என்றார். எட்டு வீட்டுக்காரர்களும் அன்றைக்கு அத்தையின் பால் கணக்கு நோட்டைப் பார்க்க வந்தார்கள்.

இதெல்லாம் ஆயிற்று. ஆனால் ஐந்தரை மணி டக், டக் திரும்பவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரவு அத்தை படுக்கப் போகுமுன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, அன்றைக்கு நான் சொன்னது..."

"எது?" என்றார். எது என்று அவருக்குத் தெரியும். நானும் சொன்னேன், தப்பு என்னுடையது என்று முழு வாக்கியமாகவே சொன்னேன். அத்தை தலையணை உறையை நீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நீ சொன்னதற்காக இல்லையம்மா. 74-ஆம் வருஷ நோட்டில் ஒரு பக்கம். இவனுக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள், தெரியுமே உனக்கு. இரண்டு வயசு. ஜுரம் வந்து ஐந்தே நாள். அவர் அதை எழுதி வைத்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பக்கத்தை மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் பெட்டி அணைந்து போய்விட்டது. நாலாவது தடவை அடிக்கத் தெம்பு வரவில்லை."

பால் கணக்கு நோட்டில் 'நான், டயரி', 'நான், டயரி' என்று வரிசையாக எழுதியிருந்தது என் கண்முன் வந்தது.

"நான் அடிக்கட்டுமா? நீங்கள் படித்துச் சொல்லுங்கள்" என்றேன்.

அத்தை சற்று நேரம் யோசித்தார். "வேண்டாம். நானே அடிக்கிறேன். நீ பக்கத்தில் இரு."

அன்று இரவே எழுத்து மென்பொருளில் ஒரு திருத்தம் செய்தேன். 'வேர்டு' பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் தானாகக் காப்புப் பிரதி எடுக்கும்படி அமைத்து வருகிறது. அதை ஒரு நிமிஷமாக மாற்றினேன். அதுவரை அடித்த ஆறு வருஷத்து டயரியையும் தனி டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி, மதுரையிலுள்ள நாத்தனார் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி என்று போட்டு வைத்தேன். மின்சாரம் திடீர் திடீரென்று அறுந்தால் உள்ளேயிருக்கும் டிஸ்க்கே ஒருநாள் பழுதாகிவிடக்கூடும். ஒரு மாதமாக அந்த ஆபத்தின் விளிம்பில்தான் என் மாமனாரின் ஆறு வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அத்தை நிதானமாக அடித்தார். பதினோரு வரிதான். ஏழாவது வரியில் கொஞ்சம் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் ஒன்றும் பேசவில்லை.

ஆறு மணி எட்டு நிமிஷத்துக்குக் குழாய் இரைந்தது. இரண்டு பேருடைய கையும் மேஜைமேல் அப்படியே நின்றது. சமையலறை விளக்கு சிமிட்டவில்லை, எலெக்ட்ரீஷியன் புண்ணியம். திரை அப்படியே இருந்தது. எழுத்துகளும் அப்படியே இருந்தன.

அத்தை பால் கணக்கு நோட்டை இழுத்து, தேதி போட்டு, 'காலை 6.08, நான், டயரி, விழவில்லை' என்று எழுதினார். பிறகு நோட்டை முன்பக்கம் திருப்பினார்.

"இந்த மாதம் பாலில் இரண்டு பாக்கெட் உதைக்கிறதே. இருபத்து மூன்றாம் தேதி நாம் ஊரில் இருந்தோமோ?" என்றார்.